பொலிவியாவுக்குப் போன நாலரை மணி பஸ்

மரியநாதபுரம், திண்டுக்கல்.
15.9.1999, புதன், பகல் பதினொன்று பத்து.

ஆண்டவருக்குள் பிரியமான தங்கை சிஸ்டர் ஆனந்தமேரிக்கு, அண்ணன் இருதயநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி அமலராணியும் தேக சுகத்தோடு இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேரவில்லை. அங்கே நீயும், உன் மடத்தாரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சளி பிடித்திருப்பதாக நீ எழுதிய அந்தக் கழுதையும் நலமாயிருக்க வேண்டும் என்று அன்றாடம் ஜெபிக்கிறோம். ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவு. கோயில் மணிக்கூண்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. வேறு விசேஷம் இல்லை என்று எழுதித்தான் வழக்கமாக அடுத்த பத்திக்குப் போவேன். இந்த முறை விசேஷம் இருக்கிறது.

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் வெட்கம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி உன் துறவற வெள்ளி விழாவில், பொலிவியாவில் உங்கள் மலையூர் மொத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஸ்பானிஷ் மொழியில் பேசிய பேச்சு உனக்குப் பெருமை தேடித் தந்திருக்க வேண்டும். என்ன தேடித் தந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசியாக என் காதில் விழுந்தது ஒரு பெரிய இரைச்சல். அது சிரிப்பா, கோபமா, கூட்டம் கலைந்து ஓடுகிற சத்தமா என்று பிரித்தறிவதற்குள் லைன் அறுந்துவிட்டது. அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் திட்டு.

போன வருடம் அக்டோபரில் உன் கடிதம் வந்தது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். பேச ஆளில்லாமல் தமிழ் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். தமிழ்ப் பாதியில் இருந்த வரிகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "இங்க ஒவ்வொரு சிஸ்டர் வெள்ளி விழாவுக்கும் வீட்டு ஆளுக வந்து நின்னு நாலு வார்த்தை பேசுவாங்க. இருபத்தோரு வருசமா எனக்குன்னு யாரும் வந்ததில்ல. நான் எங்கயோ தானா முளைச்சு வந்தவன்னு இந்தப் பிள்ளைக நெனைக்குது. போன்ல நீ ஒரு அஞ்சு நிமிசம் பேசுண்ணே. எனக்கும் ஆள் இருக்குன்னு இவங்களுக்குத் தெரியணும்." தமிழில் பேசினால் உனக்கு மட்டும்தான் புரியும், இங்கிலீஷில் பேசினால் இரண்டு பேருக்குப் புரியும் என்றும் எழுதியிருந்தாய். அறுபது வயதில் ஸ்பானிஷ் படிப்பது என்று அன்று மத்தியானமே முடிவெடுத்தேன். முப்பத்துநாலு வருடம் திண்டுக்கல் நிருபராக இருந்து மதுரைப் பத்திரிகைக்குத் தினம் ஆறு செய்தி அனுப்பியவனுக்கு ஒரு பாஷை என்ன பிரமாதம் என்ற நினைப்பு.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஆசிரியர் இல்லாமல் தானே கற்றுக்கொள்ளலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. அறுபது பாடம். கடைசியில் இருக்க வேண்டிய விடைப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அது எவ்வளவு பெரிய குறை என்று அப்போது தெரியவில்லை. முதல் வாரம் காலை நாலரைக்கு எழுந்தேன். இரண்டாவது வாரம் ஆறு மணிக்கு எழுந்தேன். மூன்றாவது வாரம் எழுந்தேன், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் நமக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன்: பத்துப் பாடம் முடிக்கும்வரை கறி தொடுவதில்லை என்று அந்தோணியார் கெபியில் நேர்ச்சை வைத்தேன். டிசம்பர் இருபத்துநாலாம் தேதி பகலில் நான்காம் பாடத்தில் இருந்தேன். அடுப்படியிலிருந்து மறுநாள் கறிக்கு மசாலா அரைக்கிற வாசனை வந்தது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் ஆறு பாடங்களை முடித்துவிட்டேன். மூன்று மணி நேரத்தில் ஆறு பாடம் எந்த வேகத்தில் போகும் என்று நீ கணக்கிட்டுக்கொள். கிறிஸ்துமஸ் அன்று கறி சாப்பிட்டேன். ஸ்பானிஷில் அதற்கு என்ன வார்த்தை என்று உன் அண்ணி கேட்டாள். ஐந்தாம் பாடத்தில் இருந்தது, நினைவில்லை என்றேன்.

ஜனவரியில் வீட்டுச் சாமான்களில் எல்லாம் ஸ்பானிஷ் பெயர் எழுதிய சீட்டு ஒட்டினேன். பார்க்கும்போதெல்லாம் மனதில் பதியும் என்பது திட்டம். கதவு, ஜன்னல், குடம், பீரோ என்று நாற்பத்தொரு சீட்டு. ஒரு நாள் உன் அண்ணி ஒரு வெற்றுச் சீட்டை நீட்டி, வீட்டுக்காரருக்கு என்ன வார்த்தை என்று கேட்டாள். 'மரீதோ' என்று எழுதிக் கொடுத்தேன். நேராகப் போய் அதைச் சாய்வு நாற்காலியில் ஒட்டிவிட்டாள். பிப்ரவரி வந்தபோது சீட்டுகளில் பாதியைப் பசைக்காக எறும்பு தின்றுவிட்டது. புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. உன் விழாவுக்கு ஆறு மாதம் இருந்தது. எனக்கு வணக்கம் சொல்லவும், கதவு என்று சொல்லவும் மட்டும் தெரிந்திருந்தது. உனக்கு எழுதி, என்னால் ஆகாது என்று சொல்லிவிடுவதாகச் சாப்பிடும்போது சொன்னேன்.

உன் அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க என்னைக்கு உங்களுக்காக எழுதியிருக்கீங்க. நாலரை பஸ்சு போயிரும்னுதான எழுதுவீங்க. பஸ்சு இல்லாம உங்களுக்கு ஒரு வரி வராது."

ஆனந்தமேரி, முப்பத்துநாலு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. உனக்குத் தெரியும், பேக்ஸ் வருவதற்கு முன்பு செய்தியெல்லாம் பஸ்ஸில்தான் போகும். கவரின்மேல் 'அவசரம் – செய்தி' என்று எழுதி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், அங்கே அரப்பாளையம் பஸ் நிலையத்தில் பத்திரிகை ஆள் வந்து வாங்கிக்கொள்வான். நாலரை பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் திண்டுக்கல் இருக்காது. மறுநாளே ஒரு பாடத்தின் பயிற்சியை எழுதினேன். கீழே தமிழிலும் எழுதினேன். கவரில் போட்டு, 'அவசரம் – செய்தி' என்று மேலே போட்டு, நாலு இருபத்திரண்டுக்குப் பஸ் நிலையத்தில் நின்றேன். மதுரையில் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே. கிறிஸ்துராஜ் இருந்தார். இருபத்தெட்டு வருடம் என் செய்திகளைத் திருத்திய உதவி ஆசிரியர். இருவரும் நேரில் சந்தித்தது ஒன்பது முறை. மற்றதெல்லாம் கவர் வழிதான். அவரும் ஓய்வுபெற்று, அரப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டி, திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் மளிகைக்கடைச் சீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். போனில் சொன்னதும் ஒத்துக்கொண்டார். அவருக்கு ஸ்பானிஷில் ஒரு எழுத்தும் தெரியாது. அது ஒரு தடையாக இருவருக்கும் தோன்றவில்லை.

கண்டக்டர் சடையாண்டி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏன் சார், நீங்கதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்களே. இது எந்தூரு செய்தி?" என்றான். பொலிவியா என்றேன். பேருக்குத் தலையாட்டிவிட்டு விசில் கொடுத்தான். மறுநாள் மத்தியான நடையில் கவரைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால் பழைய சிவப்பு மை. நான் எழுதியிருந்த வாக்கியம், 'என் மாமாவின் தொப்பி மேசைமேல் இருக்கிறது.' பக்கத்தில் கிறிஸ்துராஜ் எழுதியிருந்தார்: 'எந்த மாமா? ஊர்? வயது? தொப்பி மேசைமேல் இருப்பதில் செய்தி என்ன?' அடுத்த நாள் மேசைமேல் பூனையை வைத்து அனுப்பினேன். 'நேற்றும் இதே மேசை. வெளியே போய்ப் பாரும்' என்று வந்தது. நான்காம் நாள் மாமாவின் வெள்ளை ஆட்டைக் காணவில்லை என்று எழுதினேன். ஊர் கேட்பாரே என்று தாடிக்கொம்பு ரோடு என்று போட்டேன். வயது கேட்பாரே என்று ஆட்டுக்கு இரண்டு வயது என்று போட்டேன். முந்தின நாள் 'செய்தி அந்தரத்தில் நிற்கிறது, முடிக்கவும்' என்று அவர் திட்டியது நினைவுக்கு வந்தது. அகராதியில் தேடி எடுத்து, 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்று முடித்தேன். ஸ்பானிஷில், லா போலிசீயா இன்வெஸ்தீகா. எவ்வளவு அழகான வாக்கியம் பார். அகராதி இல்லாமல் எனக்கு வந்த முதல் வாக்கியம் அதுதான்.

அன்று சடையாண்டிக்குக் காய்ச்சல். மாற்றாக வந்த கண்டக்டர் 'செய்தி' என்று பார்த்ததும் மற்ற ஊர்க் கவர்களோடு சேர்த்துப் பத்திரிகை ஆளிடமே கொடுத்துவிட்டான். அங்கே புதிதாக வந்த ஒருவர் மேலே இருந்த ஸ்பானிஷை விட்டுவிட்டு, கீழே இருந்த தமிழை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலைப் பேப்பரில் திண்டுக்கல் செய்திப் பக்கத்தில், மூன்று வரியில், தாடிக்கொம்பு ரோட்டில் ஆடு காணவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்ச் செய்தி, ஓய்வுபெற்று மூன்று வருடம் கழித்து அச்சில் வந்தது. அப்போதே பத்திரிகைக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்தால் வாசலில் ஒருவர் வெள்ளை ஆட்டோடு நிற்கிறார். யாருடையது என்று தெரியாமல் நான்கு நாளாகக் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருந்தாராம், நிருபர் வீட்டில் கேட்டால் தெரியும் என்று வந்தாராம். அரை மணி கழித்து செபாஸ்தியம்மாள் என்ற பெண் அழுதுகொண்டே வந்தாள். அவள் ஆடுதான். அவள் தாடிக்கொம்பு ரோட்டில்தான் இருக்கிறாள். ஆட்டின் பல்லைப் பிடித்துக் காட்டினாள், இரண்டு வயதுதான். நான் கற்பனை செய்து எழுதிய ஆட்டைக் கையில் பிடித்துக் கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் வாசலில் இன்னும் எனக்குக் கும்பிடு போடுகிறாள். உன் அண்ணி மட்டும், "தொப்பிய எழுதுனப்ப யாராவது தொப்பி கொண்டாந்தாங்களா? ஆடுன்னதும்தான் பலிக்குது" என்றாள்.

அன்றைக்கு முடிவெடுத்தேன், இனி ஸ்பானிஷிலும் உண்மையைத் தவிர வேறு எழுதுவதில்லை. புத்தகத்து மாமாவை விட்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வரத்து, பழனி ரோட்டில் லாரி கவிழ்ந்தது, ரயில்வே கேட் நாற்பது நிமிடம் திறக்காதது என்று தினம் ஒரு செய்தி. வார்த்தை இல்லாத இடத்தில் அகராதியோடு மல்லுக்கட்டினேன். காலை நாலரைக்கு எழ முடியாதவன் மாலை நாலரைக்கு ஒரே ஒரு நாள் தவிரப் பிந்தவில்லை. மழையில் போனேன். பங்குனி வெயிலில் போனேன். கிறிஸ்துராஜ் கண் ஆபரேஷனுக்குப் போன ஒன்பது நாளும் போனேன். கட்டு அவிழ்த்ததும் ஒன்பது கவரையும் ஒரே மூச்சில் திருத்தி, 'தக்காளிச் செய்தி பரவாயில்லை' என்று எழுதியனுப்பினார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை என்பது இருபத்தெட்டு வருடத்தில் மூன்றாவது முறை. எல்லாச் செய்தியையும் போலீசார் விசாரித்து வருகின்றனர் என்றே முடித்தேன். தக்காளி வரத்தில் போலீசார் எதை விசாரிப்பார்கள் என்று நீ கேட்கலாம். அந்த வாக்கியம் வந்தால்தான் எனக்குப் பேனாவை மூட மனம் வரும். ஒரு நாள் உடம்பு முடியாமல் கவர் இல்லாமல் கடைவீதிப் பக்கம் போனபோது, பஸ்ஸை நிறுத்திவிட்டு சடையாண்டி கேட்டான்: "என்ன சார், இன்னைக்குப் பொலிவியாவுல ஒண்ணும் நடக்கலியா?" வீட்டுக்குப் போய் நாலு வரி எழுதி ஐந்தரை பஸ்ஸில் அனுப்பினேன்.

ஜூலையில் உன் பேச்சை எழுத உட்கார்ந்தேன். அகராதி பார்க்காமல் பதினோரு பக்கம் வந்தது. என் தங்கை தியாகச் சுடர், ஏழைகளின் தாய், மலைமேல் விளக்கு என்று அண்ணன்கள் எழுதுகிற எல்லாம் இருந்தது. கிறிஸ்துராஜிடமிருந்து திரும்பி வந்தபோது பதினோரு வாக்கியம் இருந்தது. 'புகழ்ச்சி வேண்டாம். இந்தப் பெண்மணி யார், எந்த ஊர், எப்போது போனார்? கடைசியில் இருப்பதை முதலில் கொண்டு வாரும்.' அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 'பெயருக்குப் பக்கத்தில் வயது இல்லை!' என்று எழுதியிருந்தார். முப்பத்துநாலு வருடம் அடைப்புக்குறிக்குள் வயது போட்ட கை, ஆனந்தமேரி. போட்டுவிட்டது.

பதினைந்தாம் தேதி இரவு ஏழரை, உங்களுக்குக் காலை பத்து. பஸ் நிலையத்துக்கு எதிரே டெய்சி நடத்தும் போன் பூத்தில் நான், உன் அண்ணி, வேலை முடித்துத் தோல்பையோடு வந்த சடையாண்டி, மதுரையிலிருந்து நேரில் வந்துவிட்ட கிறிஸ்துராஜ். எங்கள் பத்தாவது சந்திப்பு அது. வணக்கம் சொல்ல நேரமில்லாமல் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். லைன் கிடைத்தது. உன் ஊர் ஒலிபெருக்கியில் என் குரல் போய் முட்டி, இரண்டு நொடி கழித்து என் காதுக்கே திரும்பி வந்தது. நான் படித்தேன். சிஸ்டர் ஆனந்தமேரி, வயது நாற்பத்தெட்டு. குவாரெந்தா இ ஓச்சோ. திண்டுக்கல் மரியநாதபுரத்தைச் சேர்ந்தவர். காலஞ்சென்ற தோல் ஷாப்பு மேஸ்திரி சவரிமுத்துவின் மகள். 1977ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு ஐந்து ரயிலில், ஒரு தகரப் பெட்டியுடன் புறப்பட்டார். அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கிறிஸ்துராஜ் ஒரு டிக் போட்டார். பதினோரு டிக் விழுந்தபோது ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆகியிருந்தது.

நீ கேட்டது ஐந்து நிமிடம். அந்தப் பக்கம் யாரோ ஒரு மூத்த பெண் குரல், "ஸீ, ஸீ" என்று மேலே சொல்லச் சொன்னது. என்னிடம் ஒன்றுமில்லை. தியாகச் சுடரையும் விளக்கையும் கிறிஸ்துராஜ் அடித்துவிட்டார். நெஞ்சில் இருந்ததைச் சொல்ல எந்தப் பாஷையும் வரவில்லை. உன் ரயில் நகர்ந்தபோது நான் பிளாட்பாரத்தில் நின்றது மட்டும் கண்ணில் வந்தது. முடிக்காமல் வைக்கக் கூடாதே என்று வாய் தானாகத் திறந்து சொன்னது: லா போலிசீயா இன்வெஸ்தீகா.

அப்புறம்தான் அந்த இரைச்சல். அப்புறம் லைன் இல்லை. டெய்சி ஏழு முறை போட்டுப் பார்த்தாள். வெளியே வந்ததும் நான் கிறிஸ்துராஜைப் பார்த்து, பொம்பளப் பிள்ளை வயதைப் போடச் சொல்லி எழுதினீரே, நீர் மனிதரா என்றேன். அவர் நிதானமாகப் பேனாவை மூடினார். "வயசில்லாம பேரு போடுற பேப்பர நான் பாத்ததில்லய்யா. ஆனா போலீசு நான் திருத்திக் குடுத்த காப்பியில இல்ல. அது உம்ம சரக்கு" என்றார். அதுதான் எங்களுக்குள் கடைசிப் பேச்சு.

ஆகவே தங்கச்சி, உனக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டச் சொன்னாய். இப்படிப்பட்ட ஆள் இருக்கிறான் என்று காட்டிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள். ஸ்பானிஷை அன்றோடு விட்டுவிட்டேன். முப்பதாம் பாடத்தோடு புத்தகத்தைப் பரணில் போடச் சொல்லி உன் அண்ணியிடம் கொடுத்தாயிற்று. நாலரைக்கு இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். இனி இந்த ஜென்மத்தில் எனக்குத் தமிழ் போதும், கிறிஸ்துராஜின் சங்காத்தமும் வேண்டாம். உன் மதருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் என் வருத்தத்தைத் தெரிவி. தேவதாய் உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக. அந்தக் கழுதைக்குக் கொஞ்சம் வெந்நீர் கொடுக்கச் சொல்லு.

உன் அண்ணன்,
இருதயநாதன் (வயது 61)

பின்குறிப்பு: மணி மூன்று ஐம்பது. கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் பதினேழாம் தேதி எழுதியது. ஒன்பது பக்கம், ஒரு இங்கிலீஷ் வார்த்தை கூட இல்லாமல். நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு உன் அண்ணிக்குச் சத்தமாகப் படித்தேன். "ஏண்ணே, நாப்பத்தெட்டுன்னு ஊருக்கே சொல்லிட்டியேண்ணே. சிரிச்சுச் சிரிச்சு எல்லாருக்கும் வயிறு புண்ணாப்போச்சு. அந்தத் தகரப் பெட்டியச் சொன்னப்ப மட்டும் எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. இன்னைக்கும் அது என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, பிள்ளைகல்லாம் வரிசையில வந்து பாத்துட்டுப் போகுது. இப்ப ஊர் முழுக்க ஒரே பேச்சு, சிஸ்டரோட அண்ணன் இந்தியாவுல பெரிய போலீசாம்னு. நான் இல்லன்னு சொன்னா யாரும் நம்பல. மூணு வாரமா காணாமப்போயிருந்த பள்ளிக்கூட மணிய நேத்துக் காலையில யாரோ வாசல்ல வச்சிட்டுப் போயிருக்காங்க." மேலே நான் எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பரணில் ஏறிப் பார்த்தேன், புத்தகம் இல்லை. அடுப்படி அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது, முப்பத்துநாலாம் பாடத்தில் மஞ்சள் விரல் ரேகையோடு. கேட்டால், "சும்மா கெடந்துச்சு, பாத்தேன்" என்கிறாள் உன் அண்ணி. கிறிஸ்துராஜுக்குப் போன் போட்டேன். பேனாவுக்கு மை ஊற்றியே வைத்திருக்கிறாராம். வரும் ஆகஸ்டில் உங்கள் மதருடைய பொன் விழாவுக்கு நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அவரே கேட்டதாக எழுதியிருக்கிறாய். பேசுகிறேன். இன்றைய நாலரை பஸ்ஸுக்கே முதல் கவரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஒன்றே ஒன்று, மறு தபாலில் எழுது: மதருக்கு என்ன வயது? வயது இல்லாமல் கிறிஸ்துராஜ் வாங்க மாட்டார்.